மழைப்பாட்டை வாசித்தால் மகள் ஏன் ஓடிவிடுகிறாள்?

கேள்வி: “மகளுக்கு ஆறு வயது. மழை, ஆறு, குளம் பற்றிய தமிழ்ப் பாடல்களை அவளோடு சேர்ந்து ரசிப்பது எப்படி? யூடியூபில் போட்டால் பார்க்கிறாள், நான் வாசித்தால் ஓடிவிடுகிறாள். எங்கள் குடியிருப்பில் இருக்கும் மற்ற பிள்ளைகளிடமும் இவற்றைக் கொண்டுபோக ஆசை.”

பதில்:

பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கும். பாட்டை ஒரு முறை செய்தித்தாள் போல வாசித்திருப்பீர்கள். இரண்டாவது வரியிலேயே நிறுத்தி, “கலிங்குன்னா என்ன தெரியுமா?” என்று கேட்டிருப்பீர்கள். முடித்ததும் “புரிஞ்சுதா?” என்றிருப்பீர்கள். அந்த இடத்தில்தான் குழந்தை எழுந்து ஓடும். தப்பு உங்களுடையது மட்டுமல்ல. நாம் எல்லோருமே பள்ளியில் செய்யுளுக்குத் திரண்ட கருத்து எழுதி வளர்ந்தவர்கள். பாட்டு என்றால் அதற்குள் ஒளிந்திருக்கும் கருத்தை வெளியே எடுத்துப் போடவேண்டும் என்றே பழக்கப்பட்டிருக்கிறோம். ஆறு வயதுக்கு அது வேண்டாம். முதலில் தாளம், அடுத்து வாய்க்குள் சொல் உருளும் சுகம், பொருள் மூன்றாவதாகத் தானே வரும்.

யூடியூபே கூடாது என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதில் படம்தான் ஓடுகிறது, பாட்டு பின்னணிக்குப் போய்விடுகிறது. குழந்தையின் கையும் வாயும் சும்மா இருக்கின்றன.

ஆறு வயதுக்கு எங்கிருந்து தொடங்குவது? நாட்டுப்புறத்தில் வழங்கும் “மழை வருது மழை வருது, நெல்லு வாருங்கோ” போதும். ஊருக்கு ஊர் சொற்கள் கொஞ்சம் மாறும், எதைப் பாடினாலும் சரி. அடுக்குமாடியில் வளரும் பிள்ளைக்கு நெல்லை ஏன் வாரவேண்டும் என்பது தெரியாது. களத்தில் காயும் நெல் நனைந்தால் முளைவிட்டுவிடும், அதனால்தான் அந்த அவசரம். இதை விளக்க வேண்டாம். மொட்டைமாடியில் துணி காயும்போது மேகம் கறுத்தால் அதே வரியைச் சத்தமாகப் பாடிக்கொண்டு நீங்கள் ஓடுங்கள். அவளும் பின்னாலேயே வந்து துணியை எடுப்பாள். பாட்டு எந்த வேலைக்காகப் பிறந்ததோ அந்த வேலையிலேயே அதைக் கேட்டுவிடுகிறாள்.

அடுத்தது கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் ‘ஆறு’. ஆறே தன் கதையைச் சொல்லும் பாட்டு.

கல்லும் மலையும் குதித்துவந்தேன் - பெருங்
காடும் செடியும் கடந்துவந்தேன்

இதைத் தொடையில் தட்டிச் சொல்லிப் பாருங்கள். தட்டு விழவேண்டிய இடங்கள்: கல், லை, தித், தேன். அடுத்த வரியில் கா, டி, டந், தேன். வரிக்கு நான்கு தட்டு. “மலையும்” என்பதில் தட்டு ‘ம’ மேல் விழாது, ‘லை’ மேல் விழும். “கல்லும்… மலையும்… குதித்து… வந்தேன்” என்று சொல் சொல்லாக வெட்டி வாசித்தால் ஆறு ஓடாது, கல் தடுக்கி நின்றுவிடும். வீட்டில் பாட்டு செத்துப்போவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

இன்னொரு சிக்கல் அந்தக் கோட்டுக்கு அப்புறம் தொங்கும் “பெருங்”. பெரியவர்கள்கூட அங்கே மூச்சு வாங்கிவிட்டு, புதிதாகக் “காடும்” என்று தொடங்குகிறார்கள். அது தனிச்சொல், அதாவது இரண்டு வரிகளுக்கு நடுவே நின்று அவற்றை இணைக்கும் சொல். நாலாவது தட்டான ‘தேன்’ விழுந்ததும் அதன் வாலில் “பெருங்” என்று தொற்றிக்கொண்டு, மூச்சு விடாமல் “காடும்” மேல் குதிக்கவேண்டும். மூச்சு வாங்க வேண்டுமானால் கோட்டுக்கு முன்னால் வாங்குங்கள். இது ஒன்றைச் சரிசெய்தாலே குழந்தையின் முகம் மாறும்.

அதே பாட்டில் மலையில் “குதித்து” வந்த ஆறு, சமவெளிக்கு வந்ததும் “தவழ்ந்து தவழ்ந்து” வருகிறது. சரிவு குறைந்தால் வேகம் குறையும் என்கிற நிலவியல் அந்த இரண்டு வினைச்சொல்லுக்குள் இருக்கிறது. குழந்தையைச் சோபாவிலிருந்து குதிக்கச் சொல்லுங்கள், பிறகு தரையில் தவழச் சொல்லுங்கள். வேறு விளக்கம் தேவையில்லை.

எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் இருந்தால் உழவர் வாழ்க்கையைப் பாடும் பழைய நூலான முக்கூடற்பள்ளில் வரும் மழைக்குறிப் பாட்டுக்குப் போகலாம். தாமிரபரணியும் சிற்றாறும் கூடும் சீவலப்பேரிப் பக்கத்துப் பாட்டு, முந்நூறு ஆண்டுக்கு மேல் பழசு. ‘இது குழந்தைப் பாட்டே இல்லையே’ என்று சிலர் வருவார்கள். குழந்தைக்காக எழுதியதல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெள்ளம் வரப்போகிறது என்பதற்கு மின்னல், காற்று, தவளை, நண்டு, வானம்பாடி என்று அடுக்கடுக்காகச் சாட்சி சொல்லும் பாட்டு வேறு எந்த வயதுக்கு இவ்வளவு பொருந்தும்?

ஆற்று வெள்ளம் நாளை வரத் தோற்றுதே குறி - மலை
யாள மின்னல் ஈழ மின்னல் சூழ மின்னுதே
நேற்று மின்றுங் கொம்பு சுற்றிக் காற்றடிக்குதே - கேணி
நீர்ப்படு சொறித்தவளை கூப்பிடுகுதே

இங்கே எங்கே தப்பாகும் என்று பாருங்கள். முதல் வரியின் கடைசியில் “மலை” என்று நின்றவுடன் பிள்ளைகள் மலை, குன்று என்று எடுத்துக்கொள்வார்கள். அடுத்த வரி “யாள மின்னல்” என்று அர்த்தமில்லாமல் தொடங்கும். அது “மலையாள மின்னல்”. தாளத்துக்காகச் சொல் இரண்டு வரியில் பிரிந்திருக்கிறது. தட்டுகள் ஆற், நா, தோற், கு என்று விழும். “றி-மலை” என்று ஓடிவந்து ‘யா’ மேல் அடுத்த தட்டு. மேற்கே மலையாளப் பக்கம் ஒரு மின்னல், தென்கிழக்கே ஈழத்துப் பக்கம் ஒரு மின்னல். தாமிரபரணிக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆகவே இரண்டு பக்கமும் கையை நீட்டிக் காட்டச் சொன்னால் நில வரைபடமே கையில் வந்துவிடும். அடுத்து வரும் “சேற்று நண்டு சேற்றில் வளை ஏற்றடைக்குதே” என்ற வரியைப் பிள்ளைகள் விடவே மாட்டார்கள். வெள்ளம் உள்ளே புகாமல் இருக்க நண்டு சேற்றை உருட்டி வளையின் வாயை அடைக்கிறது. ஈரமண்ணில் விரலால் ஒரு குழி போட்டு, உருண்டை பிடித்து அடைத்துக்காட்டுங்கள். பிறகு அவர்களாகவே மழைக்குறி தேடட்டும்: எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுவது, தும்பி கூட்டமாகப் பறப்பது, அந்தியில் ஈசல் கிளம்புவது.

ழகரம் வராத பிள்ளைக்கு ஆண்டாளின் “ஆழி மழைக் கண்ணா” பாசுரத்தைக் கொடுங்கள். எட்டு வரியில் பதினொரு ‘ழ’, ழகரம் இல்லாத வரியே கிடையாது. கடலுக்குள் புகுந்து நீரை முகந்து, மேலேறி, மெய் கறுத்து, மின்னி, அதிர்ந்து, பெய்வது வரைக்கும் மழையின் வழி முழுக்க அதில் இருக்கிறது. பக்தி வேண்டாம் என்பவர்கள் அதை மழைப்பாட்டாக மட்டும் பாடலாம், பாட்டுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஒரு நாளைக்கு இரண்டு வரிக்கு மேல் போகாதீர்கள். நாக்கு களைத்துவிட்டால் எல்லா ழ-வும் ல ஆகிவிடும்.

தாளத்துக்குத் தண்ணீரையே வைத்துக்கொள்ளலாம். ஒரே அளவுள்ள நான்கு கண்ணாடி டம்ளர். ஒன்று காலி, மற்றவற்றில் கால், அரை, முக்கால் அளவு தண்ணீர். பென்சிலால் விளிம்புக்குக் கீழே மெல்லத் தட்டவேண்டும். தண்ணீர் கூடக்கூட ஓசை தாழும். பிள்ளைகள் பெரும்பாலும் தலைகீழாகத்தான் ஊகிப்பார்கள், தட்டிப் பார்த்து ஆச்சரியப்படட்டும். வரிக்கு நான்கு தட்டு, நான்கு டம்ளர், சரியாக உட்காரும். டம்ளரைக் கையால் பிடித்தால் ஓசை செத்துவிடும். மடித்த துண்டின் மேல் வைத்தால் நகராது. கரண்டியால் அடிக்கவிடாதீர்கள், கண்ணாடி விரியும்.

குடியிருப்பில் எட்டுப் பத்துப் பிள்ளைகள் சேர்ந்தால் கையாலேயே மழை பெய்யவைக்கலாம். வட்டமாக உட்காரவைத்து, நீங்கள் நடுவில் நில்லுங்கள். முதலில் உள்ளங்கைகளைத் தேய்ப்பது, அது காற்று. அடுத்து ஒரு விரலால் மறு உள்ளங்கையில் தட்டுவது, தூறல். பிறகு நான்கு விரல், மழை. பிறகு தொடையில் அறைவது, பெருமழை. காலால் தரையில் உதைத்தால் இடி. எல்லோரும் ஒரே நேரத்தில் மாறினால் மழை வராது, வெறும் கூச்சல்தான் வரும். நீங்கள் மெல்லச் சுற்றித் திரும்பி, யார் முகத்துக்கு நேராக வருகிறீர்களோ அவர் மட்டும் மாறவேண்டும். தங்கள் முறை வரும்வரை மற்றவர்கள் பழையதையே செய்யவேண்டும். பெரும்பாலோர் இடியோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே வரிசையில் திரும்ப இறங்கி, தேய்ப்பில் முடித்து, கடைசியில் அமைதியாகுங்கள். அந்த அமைதியில் பாட்டைத் தொடங்கினால் ஒரு பிள்ளையும் அசையாது.

எழுதச் சொல்வதாக இருந்தால் “மழையைப் பற்றி நாலு வரி” என்று கேட்காதீர்கள். “மழையே மழையே, நீ எங்கள் நண்பன்” என்றுதான் வரும். “தண்ணீர் எதைப் போல இருக்கிறது?” என்றாலும் பாடப்புத்தக உவமைதான் வரும். ஆளுக்கொரு வினைச்சொல் சீட்டு கொடுங்கள். சொட்டு, கசி, ஊறு, வழி, வடி, தேங்கு, தெறி, சுழி, தளும்பு, ததும்பு. தண்ணீருக்கு இத்தனை வினைச்சொல் தமிழில் இருக்கும்போது உவமை எதற்கு? பத்து நிமிடம் வெளியே போய், அந்தச் சொல் நடக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவரச் சொல்லுங்கள். சுவரில் ஈரம் படர்ந்தால் அது கசிவு. தோண்டிய குழிக்குள் அடியிலிருந்து வந்தால் ஊற்று. வாளி நிறைந்து விளிம்பைத் தாண்டினால் வழிகிறது. சோற்றுக் கஞ்சி வடிகிறது. குடத்தைத் தூக்கி நடந்தால் தண்ணீர் தளும்பும். அசையாமலே விளிம்புவரை நிறைந்து நின்றால் ததும்பும். தளும்புவதையும் ததும்புவதையும் ஒரே டம்ளரில் காட்டிவிடலாம். முதலில் விளிம்புவரை ஊற்றுங்கள், பிறகு அதை எடுத்துக்கொண்டு இரண்டு அடி நடங்கள். கண்டுவந்த பிள்ளை சொல்லும் ஒற்றை வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், திருத்தாதீர்கள். பத்துப் பிள்ளையின் பத்து வாக்கியத்தை வரிசையாக அடுக்கினால் அதுவே ஒரு நீர்ப்பாட்டு.

பகிர்வது பற்றிக் கேட்டதால் ஒரு ஆதங்கத்தைச் சொல்லியே ஆகவேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றும் பாட்டுப் படங்களில் நீல மேகம், குடைபிடித்த குழந்தை, அதன் மேல் நடுவில் சீரமைத்த வரிகள். ஆங்கிலப் பாட்டுக்கு ஓசை ஒப்பு பெரும்பாலும் வரியின் கடைசியில் வரும். நமக்கு அது வரியின் தலையில் நிற்கிறது. “கல்லும்” என்ற வரிக்குத் துணையாக அந்தப் பாட்டில் “எல்லை” என்ற வரி வருகிறது. பள்ளுப் பாட்டில் ஆற்று, நேற்று, சேற்று என்று வருகிறது. இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் எதுகை இது. வரிகளை நடுவில் கொண்டுவந்துவிட்டால் தலைகள் முன்னும் பின்னுமாகக் கலைந்து, வாசிக்கப் பழகும் பிள்ளைக்கு எதுகை கண்ணிலேயே படாது. பாட்டின் பாதி அழகு அங்கேயே போகிறது. போதாக்குறைக்கு வரியை இடத்துக்குத் தகுந்தபடி உடைத்து, தனிச்சொல்லைத் தனி வரியாக்கி, கவிஞர் பெயரையும் வெட்டிவிடுகிறார்கள். வடிவமைப்பவர்களைக் குறை சொல்வதாக நினைக்கவேண்டாம், யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

நீங்கள் அட்டை செய்தால் ஏ4 தாளில் பாதி போதும். இடப்பக்கம் சீராக, எட்டு வரிக்குள், 20 புள்ளி எழுத்தில். எதுகை எழுத்துக்கு மட்டும் வேறு நிறம். அடியில் கவிஞர் பெயர். படமாக அனுப்பாமல் எழுத்தாகவே அனுப்பினால் சுருங்கி மங்காது. ஆனால் கைபேசியின் அகலத்தில் வரி தானாக உடையும், நீள வரிப் பாட்டுக்கு அட்டைதான் நல்லது.

உரிமையையும் கவனியுங்கள். இந்தியாவில் எழுதியவர் மறைந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. கவிமணி மறைந்தது 1954, தாராளமாக அச்சிடலாம். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா மறைந்தது 1989. வீட்டில் பாடுங்கள், புத்தகத்தை வாங்கிப் பரிசளியுங்கள். முழுப் புத்தகத்தையும் ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக்கிக் குழுவில் போடாதீர்கள். இன்று எழுதிக்கொண்டிருப்பவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு அனுமதிப்பார்கள்.

மகள் பாடுவதைப் பதிவுசெய்து தாத்தா பாட்டிக்கு அனுப்ப நினைத்தால், மழை பெய்யும்போது சன்னலோரம் நிற்கவைக்காதீர்கள். மழையின் இரைச்சல் குரலை விழுங்கிவிடும். அறைக்குள், கதவை ஒருக்களித்து, கைபேசியை அவள் வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். முதலில் பத்து நொடி மழை மட்டும் பதிவாகட்டும். அதற்குப் பிறகு அவளைப் பாடச் சொல்லுங்கள்.