குருத்தணுவும் அத்தையின் பாவக் கணக்கும்

அன்புள்ள ஐயா,

என் அண்ணனுக்கு வயது 52. பதினைந்து வருடமாகச் சர்க்கரை. போன வருடம் கால்விரல் ஒன்றை எடுத்தாயிற்று. இப்போது ஒரு தனியார் கிளினிக்கில் ஸ்டெம் செல் ஊசி நான்கு போட்டால் இன்சுலினையே விட்டுவிடலாம் என்கிறார்கள். 80,000 ரேண்ட். காரை விற்கப் பார்க்கிறார். அத்தையோ, "கலைத்த பிள்ளையின் உடம்பிலிருந்து எடுக்கிறார்கள், காவடி எடுக்கிற வீட்டுக்கு இந்தப் பாவம் ஆகாது" என்று சாப்பிடாமல் கிடக்கிறார். யார் சொல்வது சரி? ஸ்டெம் செல் என்பதே ஏமாற்றா?

எம்., சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள எம்,

முதலில் அத்தையைச் சாப்பிடச் சொல்லுங்கள். இந்த மாதிரி கிளினிக்குகளில் பெரும்பாலும் நோயாளியின் வயிற்றுக் கொழுப்பையோ எலும்பு மஜ்ஜையையோ உறிஞ்சி, பிரித்து, அவருக்கே திரும்ப ஏற்றுவார்கள். கருவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கிளினிக்கில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அத்தை காதில் விழுந்தது பழைய சண்டை. 1998இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவிலிருந்து குருத்தணுக்களை, அதாவது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய ஸ்டெம் செல்களை, பிரித்து வளர்த்தார். செயற்கைக் கருத்தரிப்பில் மிஞ்சியதைப் பெற்றோர் சம்மதத்துடன் வாங்கினார்கள். சில நாள் வயதுக் கரு, கண்ணுக்கு ஒரு சின்னப் புள்ளியாகத் தெரிந்தால் அதிகம். கலைத்த பிள்ளை அல்ல. ஆனாலும் "விட்டிருந்தால் பிள்ளையாகியிருக்குமே" என்று அத்தை கேட்டால், அது நியாயமான கேள்விதான். எப்படியும் கொட்டப்போகிற கருவை நோய்க்கு உதவ விடலாம் என்பது என் கட்சி. 2006இல் ஜப்பானின் ஷின்யா யமனாக்கா எலியின் தோல் செல்லுக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தி அதையே குருத்தணுவாக மாற்றிக் காட்டினார். மறு வருடம் மனிதத் தோலிலும் செய்தார். 2012இல் நோபல் பரிசு. அதோடு சண்டை பாதி அடங்கியது. பாதிதான், ஏனென்றால் கருவிலிருந்து வந்த செல்களை வைத்தும் ஆராய்ச்சி நடந்துகொண்டுதான் இருக்கிறது.

பாவம் என்று ஒன்று இருந்தால் அது அந்த 80,000 ரேண்டில் இருக்கிறது.

சர்க்கரையில் நல்ல செய்தி உண்டு, மறுக்கவில்லை. குருத்தணுவை ஆய்வகத்தில் இன்சுலின் சுரக்கும் செல்லாக வளர்த்து, கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாய் வழியாக 12 பேருக்கு ஏற்றியதில், ஒரு வருடம் கழித்து 10 பேருக்கு இன்சுலின் தேவைப்படவில்லை என்று 2025இல் முடிவு வந்தது. ஆனால் அவர்கள் முதல் வகைக்காரர்கள். சுரக்கும் செல்களை உடம்பே அழித்துவிட்டது. புதிய செல்லையும் அழித்துவிடாதபடி எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரையைத் தொடர்ந்து விழுங்க வேண்டும், தொற்று பயத்தோடு. அண்ணனுக்கு 37 வயதில் வந்தது அனேகமாக இரண்டாம் வகை. அதில் சிக்கலே வேறு: இன்சுலின் சுரந்தாலும் உடம்பு சரியாகக் கேட்பதில்லை. கொழுப்பிலிருந்து எடுத்த செல்லை ஊசியில் ஏற்றினால் அது எப்படித் தீரும் என்று அந்த டாக்டரை விளக்கச் சொல்லுங்கள்.

சும்மா போட்டுப் பார்ப்போமே என்பீர்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பார்வை மங்கிய வயதான பெண்கள் மூன்று பேர் அப்படித்தான் ஒரு கிளினிக்கை நம்பிப் போனார்கள். அவர்களுடைய கொழுப்பிலிருந்து எடுத்ததை ஒரே நாளில் இரண்டு கண்ணிலும் ஏற்றினார்கள். இருந்த பார்வையும் பெரும்பாலும் போயிற்று. 2017இல் அது மருத்துவ இதழில் வெளியானது. ஒரு கண்ணில் போட்டுவிட்டுக் கொஞ்ச நாள் பார்ப்போம் என்ற சாதாரண நிதானம்கூட அங்கே இல்லை.

அண்ணனைக் கேட்கச் சொல்லுங்கள்: இது சோதனையா, சிகிச்சையா? சோதனை என்றால் நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சாப்ராவின் அனுமதி எங்கே, எதற்குக் காசு? சிகிச்சை என்றால் யாருக்குக் குணமானது, எந்த ஆய்வில்? மழுப்பினால் எழுந்து வந்துவிடலாம்.

அப்புறம், ஸ்டெம் செல்லே ஏமாற்றா என்ற கேள்வி. இல்லவே இல்லை. ரத்தப் புற்றுநோய்க்குச் செய்யும் மஜ்ஜை மாற்று, குருத்தணு சிகிச்சைதான். அமெரிக்க மருத்துவர் டொனால் தாமஸ் 1990இல் நோபல் வாங்கியது அதற்காக. அங்கே குறை விஞ்ஞானத்தில் இல்லை, நம்மிடம். நோயாளிக்குப் பொருந்துகிற செல்லைக் கொடுக்க இன்னொருவர் வேண்டும். கூடப்பிறந்தவர் ஒருவரின் செல் முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான். பொருந்தாவிட்டால் அந்நியரைத் தேட வேண்டும், அந்த அந்நியர் பெரும்பாலும் நம் இனத்திலேயேதான் கிடைப்பார். 1860இலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பொருந்துகிற செல், இங்கே டர்பனில் நம் பக்கத்து வீட்டிலேயே இருக்கலாம். கேப்டவுனில் 1991இலிருந்து தென்னாப்பிரிக்க எலும்பு மஜ்ஜைப் பதிவகம் இருக்கிறது. உங்கள் வீட்டு இளவட்டங்களைப் பதியச் சொல்லுங்கள். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்துக் கொடுத்தால் முதல் வேலை முடிந்தது. பொருத்தம் வந்து அழைத்தால் பெரும்பாலும் கையிலிருந்து ரத்தம் எடுப்பது போலத்தான் எடுப்பார்கள். கொடுத்தது சில வாரத்தில் திரும்ப ஊறிவிடும். அதற்கு அத்தையும் மறுப்புச் சொல்ல மாட்டார் என்று நினைக்கிறேன்.