பெருந்தமனி வீக்கத்துக்கு ஸ்கேன் வேண்டாம், டி-டைமர் டெஸ்ட் மட்டும் போதுமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். அப்பாவுக்கு 68 வயது. எக்கோவில் நெஞ்சுப் பகுதிப் பெருந்தமனி 4.3 செ.மீ. வீங்கியிருப்பதாகச் சொன்னார்கள். லேபில் எடுத்த டி-டைமர் ரத்தப் பரிசோதனையில் 620. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்குப் பதில் இதையே எடுக்கலாமா?

பதில்: கூடாது. வீக்கம் எத்தனை செ.மீ. என்று ரத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது.

முதலில் 620-க்குப் பக்கத்தில் போட்டிருக்கும் அலகைப் பாருங்கள். எஃப்.இ.யு. (FEU) என்றால் வழக்கமான வரம்பு ஒரு மில்லிக்கு 500 நானோகிராம், டி.டி.யு. (DDU) என்றால் அதில் ஏறக்குறைய பாதி. லேபை மாற்றினால் அலகும் மாறலாம். எண் இரட்டிப்பானதாகப் பதறிவிடாதீர்கள். எஃப்.இ.யு.வாக இருந்தால், 50 தாண்டியவர்களுக்கு வயதைப் பத்தால் பெருக்கி வரம்பு வைக்கும் கணக்கும் உண்டு. நுரையீரல் ரத்தக்கட்டிக்காக வந்த கணக்கு அது. அதன்படி அப்பாவுக்கு 680.

டி-டைமர் என்பது ரத்தக்கட்டியின் ஃபைப்ரின் வலை கரையும்போது உதிரும் துண்டு. நிமோனியா, புற்றுநோய், சமீபத்திய ஆபரேஷன், எல்லாவற்றிலும் ஏறும். வீக்கத்தின் சுவரோரம் ரத்தம் உறைந்து படிந்திருந்தாலும் ஏறும்.

இது உதவுவது அவசர சிகிச்சைப் பிரிவில், தமனியின் உட்சுவர் கிழிந்திருக்கிறதா என்ற சந்தேகம் வரும்போதுதான். அதுவும் 'இல்லை' என்று ஒதுக்குவதற்கு. அங்கே மருத்துவர்கள் புள்ளி போட்டுப் பார்ப்பார்கள்: பின்னணி (ஏற்கெனவே வீக்கம் இருப்பது போல), வலியின் தன்மை, பரிசோதனையில் தெரிவது (இரு கைகளிலும் பிரஷர் வேறுபடுவது போல) என மூன்று பிரிவு. பிரிவுக்கு ஒரு புள்ளி. ஒன்றோ அதற்குக் கீழோ இருந்து டி-டைமரும் 500-க்குக் கீழே என்றால், தவறவிடுவது சுமார் 300-இல் ஒருவரை என்று 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. இரண்டு வந்தால் டி-டைமருக்குக் காத்திருக்காமல் நேராக சி.டி. ஆஞ்சியோகிராம் (தமனியைக் காட்டும் ஸ்கேன்). அப்பாவுக்கு வீக்கம் இருப்பது ஏற்கெனவே தெரியும், ஆகவே ஒரு புள்ளி கையிலேயே இருக்கிறது. திடீரென நெஞ்சிலோ முதுகிலோ கிழிப்பதுபோல வலித்தால் இரண்டாவதும் சேர்ந்துவிடும். அப்போது லேபுக்கு அல்ல, 108-க்குப் போன் செய்யுங்கள். வீக்கம் இருப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். கிழிசல் இதயத் தமனி வாய் வரை போனால் இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனினும் ரத்தத்தில் ஏறி, மாரடைப்பு என்று நினைக்க வைக்கும். அதை நம்பி ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டுவிட்டால் ஆபத்து.

சுவருக்குள்ளேயே ரத்தம் கசிந்து உறைந்துபோகும் வகையில் டி-டைமர் இயல்பாகவும் இருக்கலாம். அதனால் நார்மல் ரிப்போர்ட்டை வைத்து வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டாம்.

ஸ்கேன் இடைவெளியை மருத்துவர் சொல்வார். ஒரே வகை ஸ்கேனில், ஒரே இடத்தில் அளந்தால்தான் வளர்ச்சி தெரியும். எக்கோ அளவை சி.டி. அளவோடு ஒப்பிடாதீர்கள். பொதுவாக 5.5 செ.மீ. அருகில் ஆபரேஷன் பேச்சு வரும், மார்ஃபான் (தமனிச் சுவரைப் பலவீனமாக்கும் மரபணுக் கோளாறு) இருந்தால் இன்னும் முன்னதாக. இன்னொன்று: சிறுநீர்த் தொற்று என்று மெடிக்கலில் சிப்ரோஃப்ளாக்சசின் வாங்கிப் போடாதீர்கள். அந்த வகை மருந்துகள் பெருந்தமனி வீக்கம் உள்ளவர்களுக்கு ஆகாது என்று எச்சரிக்கை உண்டு.