கல்லாப்பெட்டி கேள்விகள்: பதினேழாவது மிக்ஸி

கேள்வி: பேரளத்தில் பாத்திரம், மிக்ஸி, கிரைண்டர் விற்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். ஏஜென்சி எங்களுக்கு 3,186 ரூபாய்க்குப் போடும் மிக்ஸி, காரைக்கால் கடை ஒன்றில் 2,950-க்குக் கிடைக்கிறது. இரண்டுமே வரி சேர்த்த விலை. குட்டி யானையில் பத்து, இருபது என்று ஏற்றி வந்து விற்றால் லாபம்தானே, ஐயா?

பதில்: அம்மா, முதலில் அந்தக் கடை பில்லைப் பாருங்கள். மாநிலம் விட்டு மாநிலம் விற்கும்போது போடும் ஐ.ஜி.எஸ்.டி. என்று இருக்கிறதா, மாநிலத்துக்குள் விற்கும்போது போடும் சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்று இரண்டாகப் பிரித்திருக்கிறதா?

அம்பகரத்தூர் வந்தாலே புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்கால் பகுதி. நமக்கு அடுத்த ஊர், ஜி.எஸ்.டி. கணக்கில் வெளிமாநிலம். மிக்ஸிக்கு வரி 18 சதவீதம். அதாவது 2,950-இல் சரக்கு 2,500, வரி 450. கவுன்டரில் சும்மா கேட்டால் உள்ளூர் வரி போட்டுத் தருவார்கள். தமிழ்நாட்டில் பதிவு செய்த நீங்கள் அந்த 450-ஐ உள்ளீட்டு வரியாக, அதாவது நீங்கள் கட்டவேண்டிய வரியில் கழிவாக, எடுக்க முடியாது. அடக்கம் 2,950. ஏஜென்சி பில்லிலோ சரக்கு 2,700. வரி 486-ஐ நீங்கள் கழித்துக்கொள்கிறீர்கள். அடக்கம் 2,700. மலிவென்று வாங்கியது 250 ரூபாய் கூடுதல்! உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்து ஐ.ஜி.எஸ்.டி. பில் வாங்கினால்தான் அடக்கம் 2,500, மிக்ஸிக்கு 200 மிச்சம். காம்போசிஷனில், அதாவது விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் சின்ன வியாபாரிகள் திட்டத்தில் இருந்தால், எந்த வரியும் திரும்பாது. இரண்டு விலையையும் நேராக ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

அப்புறம் வண்டி. தமிழ்நாட்டுக்குள் என்றால் சரக்கு மதிப்பு 1 லட்சம் வரை இ-வே பில் (சரக்கு வண்டிக்கு இணையத்தில் எடுக்கும் சீட்டு) கேட்க மாட்டார்கள். எல்லை தாண்டினால் 50,000-தான். 16 மிக்ஸி வரை சரி. பதினேழாவது ஏறினால் 50,150. இ-வே பில் இல்லாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வருவதற்கு முன்னால் கதை வேறு. அங்கே விற்பனை வரி குறைவு. மாயவரம், கும்பகோணத்துக்காரர்கள் டிவி வாங்கவே காரைக்கால் போவார்கள். இப்போது வரி ஒன்றுதான். பெட்ரோலும் மதுவும் ஜி.எஸ்.டி.க்கு வெளியே நிற்பதால் அவற்றில் மட்டும் வித்தியாசம் மிச்சமிருக்கிறது. உங்கள் மிக்ஸி விலை குறைந்தது எல்லையால் அல்ல. அந்தக் கடைக்காரர் மொத்தமாக எடுத்ததற்குக் கிடைத்த தள்ளுபடி ஸ்கீமாக இருக்கும், இல்லை பழைய ஸ்டாக். அடுத்த மாதமும் அதே விலை என்று நம்பிவிடாதீர்கள்.

நானும் பட்டிருக்கிறேன். கும்பகோணத்தில் கடை நடத்தியபோது ஓர் ஆடித் தள்ளுபடியில் காரைக்காலிலிருந்து எட்டு டேபிள் டாப் கிரைண்டர் கொண்டுவந்தேன். தீபாவளிக்கு ஒன்று விற்றது. அடுத்த ஆவணியில் வாங்கினவர் அதை டிவிஎஸ் 50-இல் கட்டிக்கொண்டு வந்து நின்றார், மோட்டார் கருகிப்போச்சு என்று. ஒரு வருட வாரண்டிதான். ஆனால் அட்டையில் இருந்தது காரைக்கால் கடை முத்திரை, ஆடி மாதத் தேதி. நான் விற்பதற்கு முன்பே வாரண்டி ஓட ஆரம்பித்திருக்கிறது! சர்வீஸ் ஆள் கையை விரித்தார். மோட்டார் காயில் கட்டிய கூலி என் கல்லாவிலிருந்து போனது. அதனால் முத்திரையும் தேதியும் இல்லாத அட்டையாகக் கேட்டு வாங்குங்கள். தரமாட்டேன் என்றால் அந்தச் சரக்கே வேண்டாம்.

என்னைக் கேட்டால், அந்த 2,950 ரூபாய் பில்லை அடுத்த தடவை வரும் ஏஜென்சிக்காரர் முன்னால் வையுங்கள். "பன்னிரண்டு எடுக்கிறேன், என்ன விலை?" என்று கேளுங்கள். 2,700-லிருந்து நூறு இறங்கினாலும் போதும். கடனுக்குச் சரக்கு, வாரண்டி, ரிப்பேர் எல்லாம் அவர் தலையில். இறங்கவே மாட்டேன் என்றால் குட்டி யானைக்குச் சொல்லுங்கள், பதினாறு மிக்ஸிக்கு.