பையைத் திருப்பி வைத்த தோழி

கேள்வி:

அம்மா, வணக்கம். நான் தென்காசி மாவட்டத்தில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறேன். நானும் தோழிகள் நான்கு பேரும் சேர்ந்து 'அன்பு வட்டம்' என்று ஒன்றை ஆரம்பித்தோம். கேன்டீன் காசை மிச்சம் பிடித்து மூன்று மாதத்தில் 4,200 ரூபாய் சேர்த்தோம். எங்கள் வகுப்பில் கஷ்டப்படுகிற ஆறு பேருக்குப் புதுப் பையும் நோட்டும் வாங்கினோம். பிரின்சிபால் சாரிடம் சொன்னோம். அவர் சந்தோஷப்பட்டு, காலை பிரேயரில் மேடையில் வைத்துக் கொடுக்கச் சொன்னார். போட்டோ எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பிலும் பள்ளியின் ஃபேஸ்புக் பக்கத்திலும் போட்டார்கள்.

அந்த ஆறு பேரில் ஒருத்தி, ஆறாம் வகுப்பிலிருந்து என் பெஞ்சில் உட்காருகிறவள். மறுநாள் காலை பையை என் மேஜைமேல் வைத்துவிட்டுக் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். மூன்று வாரமாகப் பேசவில்லை. மற்றவர்கள் அவளை 'நன்றி கெட்டவள்' என்கிறார்கள். நல்லதுதானே செய்தோம்? வட்டத்தைக் கலைத்துவிடலாமா? அந்தப் பை என் வீட்டில்தான் இருக்கிறது. அதை என்ன செய்வது?

(பெயர் வேண்டாம், பிளஸ் ஒன் மாணவி)

பதில்:

அன்பு மகளுக்கு,

மூன்று மாதம் கேன்டீன் பக்கம் போகாமல் இருப்பது உன் வயதில் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். உங்கள் ஐந்து பேர் மனசும் நல்ல மனசு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உன் தோழி செய்ததிலும் தப்பில்லை. அவளுக்கு என்ன வலித்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியும், மகளே. நானும் அப்படி ஒரு மேடையில் வாங்குகிற பக்கம் நின்றவள்.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. அப்பா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பள்ளி ஆண்டு விழாவில் ஊர்ப் பெரியவர் ஒருவர் 'ஏழை மாணவியருக்குப் பாவாடைத் துணி வழங்குவார்' என்று மைக்கில் சொல்லிவிட்டு ஏழு பெயர்களை வாசித்தார்கள். மூன்றாவது பெயர் என்னுடையது. ஏழு பேருக்கும் ஒரே தானிலிருந்து கிழித்த துணி. ஊதா நிறம், மஞ்சள் பூ. அதில் பாவாடை தைத்துப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினால் எங்கிருந்து வந்த துணி என்று ஊருக்கே தெரியும். அம்மா ஆசையாகத் தைத்துக் கொடுத்தாள். நான் ஒரு நாள்கூடப் போடவில்லை. கடைசியில் அதைப் பிரித்துத் தலையணை உறை ஆக்கிவிட்டாள். கொடுத்தவர் நல்ல மனிதர், அவர்மேல் எனக்கு இன்றுவரை கோபம் கிடையாது. ஆனால் துணிக்கடையில் ஊதாவும் மஞ்சளும் சேர்ந்து கண்ணில் பட்டால் இப்போதும் நான் அடுத்த அடுக்குக்குப் போய்விடுவேன்.

அதே பள்ளியில்தான் இன்னொன்றும் நடந்தது. பத்தாம் வகுப்பில் பரீட்சைக் கட்டணம் கட்டக் கடைசி நாள். எங்கள் தமிழம்மா என்னைக் கூப்பிட்டு, "இந்த நோட்டுக் கட்டைத் தூக்கிக்கிட்டு வா" என்று ஆசிரியர் அறைக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு நோட்டுக்குள் ரசீதை வைத்து என் கையில் கொடுத்து, "கட்டியாச்சு, போய்ப் படி" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த தேர்வில் எனக்கு மார்க் குறைந்தபோது எல்லாரையும் திட்டியதுபோலவே என்னையும் திட்டினார். அந்தத் திட்டு எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா!

இப்போது உன் தோழியை யோசித்துப் பார். ஐந்து வருடமாக உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் வீட்டில் கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ ஃபீஸ் கட்டியிருப்பார்கள். பள்ளியில் தங்கள் பெண் மற்றவர்களைப் போலத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அவ்வளவு பாடும். அவளைக் கேட்காமலேயே மேடைக்குக் கூப்பிட்டு, கையில் பையைக் கொடுத்து, கேமராவைப் பார்க்கச் சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் போட்டோவை அவள் சித்தி பார்த்திருப்பாள், அப்பாவோடு வேலை செய்கிறவர்கள் பார்த்திருப்பார்கள். வீட்டில் அன்றைக்கு என்ன நடந்திருக்கும் என்பது உனக்கோ எனக்கோ தெரியாது. மறுநாள் அவள் உன்னோடு சண்டை போடவில்லை, யாரிடமும் உன்னைக் குறை சொல்லவும் இல்லை. பையை மட்டும் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். பதினாறு வயதில் அதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும்!

அரசுப் பள்ளிகளில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. கண்ணுக்குப் பழகிப்போனதால் நாம் அதைக் கவனிப்பதில்லை. பாடப் புத்தகமும் பையும் வந்தால் வகுப்பில் எல்லாருக்கும் வரும். பிளஸ் ஒன்னில் சைக்கிள் கொடுத்தால் டிராக்டர் வைத்திருக்கிறவர் மகளுக்கும் அதே சைக்கிள்தான். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்திலும் "வீட்டில் சாப்பிடாமல் வந்தவர்கள் யார், கை தூக்குங்கள்" என்று யாரும் கேட்பதில்லை. பிள்ளைகள் வரிசையாக உட்காருகிறார்கள், உப்புமாவோ பொங்கலோ எல்லார் தட்டிலும் விழுகிறது. பசியோடு வந்தவன் யார் என்று பக்கத்தில் இருக்கிறவனுக்குத் தெரியாது. சோறு எவ்வளவு முக்கியமோ அந்தத் தெரியாமையும் அவ்வளவு முக்கியம் என்பேன் நான்.

உங்கள் வட்டம் செய்திருக்க வேண்டியது அதைத்தான். அப்படிச் செய்தவர்கள் இருக்கிறார்கள். ஈரானில் மஷ்ஹத் என்ற நகரத்தில் 2015 குளிர்காலத்தில் யாரோ ஒரு சுவரில் கொக்கிகள் அடித்து, 'தேவையில்லை என்றால் மாட்டிவிட்டுப் போ, தேவை என்றால் எடுத்துக்கொண்டு போ' என்ற பொருளில் எழுதி வைத்தார்கள். மக்கள் கோட்டும் ஸ்வெட்டரும் கொண்டுவந்து மாட்டினார்கள், குளிரில் நடுங்கியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பல நாடுகளுக்குப் பரவிய அந்த யோசனை உன் பக்கத்துக்கும் வந்தது. 2017-இல் திருநெல்வேலி ஆட்சியராக இருந்த சந்தீப் நந்தூரி அங்கே 'அன்புச் சுவர்' அமைத்தார். அப்போது தென்காசியும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது, உன் வீட்டில் கேட்டால் யாருக்காவது ஞாபகம் இருக்கும். அந்தச் சுவரில் கொடுத்தவர் முகம் எடுத்தவருக்குத் தெரியாது, எடுத்தவர் முகம் கொடுத்தவருக்குத் தெரியாது.

இன்னொரு சம்பவம். இது உன்னைவிட ஒரு வயது மூத்த இரண்டு பையன்கள் செய்தது. கனடாவில் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் 2007-இல் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் பள்ளி திறந்த முதல் நாள் ரோஸ் நிறச் சட்டை போட்டுக்கொண்டு போனான். அதற்காக அவனைக் கேலி செய்து மிரட்டினார்கள். பன்னிரண்டாம் வகுப்பு படித்த டேவிட் ஷெப்பர்ட், டிராவிஸ் பிரைஸ் இருவருக்கும் இது தெரியவந்தது. பிரேயரில் பேசப் போகவில்லை, அந்தப் பையனைக் கூப்பிட்டு ஆறுதல் சொல்லி அதை எல்லாரும் பார்க்கும்படி செய்யவும் இல்லை. கடைக்குப் போய் 50 ரோஸ் சட்டைகள் வாங்கினார்கள். நண்பர்களுக்குத் தகவல் அனுப்பினார்கள். பள்ளியில் நூற்றுக்கணக்கானவர்கள் ரோஸ் நிறத்தில் வந்து நின்றார்கள். அந்த ஒன்பதாம் வகுப்புப் பையனைக் கூட்டத்தில் தனியாக அடையாளம் காட்ட முடியாது அல்லவா? அதுதான் அழகு. கனடாவில் இப்போது பிப்ரவரி மாதத்துக் கடைசிப் புதன்கிழமையை 'பிங்க் ஷர்ட் டே' என்று கொண்டாடுகிறார்கள்.

நம் பக்கத்தில் பெஞ்சில் யார் யாரோடு உட்காருகிறார்கள் என்பது லேசான விஷயம் இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நீயும் கேட்டிருப்பாய். சாதியை வைத்துச் செய்த தொல்லை தாங்காமல் பள்ளியில் சொன்ன மாணவரை, அதே பள்ளியில் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதற்குப் பிறகு அரசு, ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டது. 2024 ஜூனில் வந்த அந்த அறிக்கை, மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டக் கூடாது என்றது. வகுப்பில் பெயரின் எழுத்து வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்றும் சொன்னது. யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதை ஒரு நீதிபதி உட்கார்ந்து எழுத வேண்டியிருந்தது, பார். வெட்டுப்பட்ட அந்த மாணவர் 2024 பிளஸ் டூ தேர்வில் 600-க்கு 469 மார்க் எடுத்தார். இதை உன்னிடம் ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் வகுப்பிலும் சாப்பாட்டு நேரத்தில் யாரோ ஒருவர் தனியாக டிபன் பாக்ஸைத் திறப்பார். யாரோ ஒருவருடைய தண்ணீர் பாட்டிலை யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள். அங்கே போய் உட்காரவும் அந்தத் தண்ணீரைக் கேட்டுக் குடிக்கவும் 4,200 ரூபாய் தேவையில்லை. தைரியம் தேவைப்படும். அது பையைவிடக் கஷ்டம் என்பதும் எனக்குத் தெரியும்.

சரி, இனி நீ என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

முதலில் அந்தப் போட்டோ. உன் பிரின்சிபாலிடம் நீயே போய், "சார், அந்தப் போட்டோவை எடுத்துடலாமா, எங்களுக்கு அது சரியாப் படலை" என்று பணிவாகக் கேள். தோழியின் பெயரை இழுக்காதே. அவரும் நல்ல எண்ணத்தில்தான் போட்டிருப்பார், எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதை அழிக்க முடியுமா என்று குரூப்பைப் பார்த்துக்கொள்கிற டீச்சரிடமும் கேள். அழித்தாலும் சிலர் போனில் அது இருக்கத்தான் செய்யும். இருந்தாலும் நீ கேட்டு எடுக்க வைத்தாய் என்பது வேறு.

அப்புறம் உன் மற்றத் தோழிகள். 'நன்றி கெட்டவள்' என்ற பேச்சை இன்றோடு நிறுத்தச் சொல். நன்றி வேண்டும் என்று எதிர்பார்த்துத்தான் கொடுத்தீர்களா என்று அவர்களிடமே கேள். உங்கள் வட்டத்துக்குள் முதலில் தீர வேண்டிய கணக்கு அதுதான்.

அதற்குப் பிறகுதான் அவளிடம் போக வேண்டும். தனியாகப் போ. கையில் எதையும் கொண்டு போகாதே, ஒரு சாக்லேட்கூட வேண்டாம். பெல் அடித்துக் கூட்டம் கலைந்த பிறகு, பஸ் ஸ்டாப் போகிற வழியில், யாரும் இல்லாத நேரம் பார். "உன்னைக் கேட்காம மேடையில நிறுத்திட்டேன். அது என் தப்பு. போட்டோவை எடுக்கச் சொல்லிட்டேன்." இந்த மூன்று வாக்கியம் போதும். "நல்லதுக்குத்தான் செஞ்சோம்" என்று நான்காவதாக ஒன்றைச் சேர்த்தால் முதல் மூன்றும் வீண். அழாதே. நீ அழுதால் அவள் உன்னைத் தேற்ற வேண்டியிருக்கும், அந்த வேலையையும் அவள் தலையில் கட்டாதே. உடனே பேசு என்றோ பெஞ்சுக்குத் திரும்பி வா என்றோ கேட்காதே. அவள் ஒன்றும் சொல்லாமல் போகலாம். போகட்டும். வராமலேயே இருந்துவிடவும் கூடும், மகளே. அப்படி ஆனாலும் நீ கேட்ட மன்னிப்பு கேட்டதுதான். வகுப்பில் அவளைப் பார்க்கும்போது பழையபடி பார், பழையபடி "அந்தக் கணக்கு எப்படிப் போட்ட?" என்று கேள். அவள் கணக்கில் கெட்டிக்காரியாக இருந்தால் நிஜமாகவே கேட்டுக் கற்றுக்கொள். ஒருவரிடமிருந்து வாங்கத் தெரிவதும் அன்புதான், அதையும் உங்கள் வட்டம் பழக வேண்டும்.

வட்டத்தைக் கலைக்காதே. பெயரை வேண்டுமானால் எடுத்துவிடுங்கள். வகுப்பு ஆசிரியரிடம் கேட்டு வகுப்பறை அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்யச் சொல்லுங்கள். பேனா, ஸ்கேல், கிராஃப் தாள், ரெக்கார்டு நோட்டு, நாப்கின், ஒரு குடை, தலைவலி வந்தால் தடவ ஒரு தைலம். வேண்டுகிறவர் எடுக்கலாம், இருக்கிறவர் வைக்கலாம். பெயர் எழுதும் நோட்டு வேண்டாம். 'ஏழைகளுக்கு' என்ற வார்த்தை எங்கேயும் வேண்டாம். இதில் ஒரு முக்கியமான விஷயம்: முதல் இரண்டு வாரம் நீங்கள் ஐந்து பேரும் எல்லார் கண்ணெதிரே அதிலிருந்து எடுங்கள். பேனா மறந்துபோன நாளில் போய் எடு. மழை வந்தால் அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு போ. உங்கள் வகுப்பிலேயே வசதியான பையன் ஒருவனை கிராஃப் தாள் எடுக்க வையுங்கள். அந்தத் தட்டைத் தொட்டால் இல்லாதவர் என்ற பேச்சு அப்போதுதான் எழாது. சில நாள் எல்லாம் காலியாகிவிடும், யாரோ நான்கு பேனாவை மொத்தமாக அள்ளிக்கொண்டு போவார்கள். போகட்டும், மறுபடியும் வையுங்கள். போலீஸ் வேலை பார்க்க ஆரம்பித்தால் அந்தத் தட்டு செத்துவிடும்.

ஃபீஸ் பாக்கி, வீட்டில் சண்டை, சாப்பாடு இல்லை என்பது போன்ற பெரிய கஷ்டம் யாருக்காவது இருப்பது தெரிந்தால், அதை உங்கள் வட்டத்தில் வைத்துப் பேசாதீர்கள். நம்பிக்கையான டீச்சர் ஒருவரிடம் ஒருத்தி மட்டும் போய்ச் சொல்லட்டும். பெரியவர்கள் சுமக்க வேண்டிய சுமை அது.

கடைசியாக அந்தப் பை. அதை மறுபடியும் அவளிடம் நீட்டாதே. பில் இருந்து கடைக்காரர் ஒத்துக்கொண்டால் திருப்பிக் கொடுத்து, அந்தப் பணத்தில் அலமாரிக்கு வேண்டியதை வாங்கு. முடியாவிட்டால் அதையும் அந்தத் தட்டில் வைத்துவிடு, யாருக்கோ ஒருநாள் பை அறுந்துபோகும். வைப்பதற்கு முன்னால் பையைத் திருப்பிப் பார். 'அன்பு வட்டம் அன்பளிப்பு' என்று ஏதாவது ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் கிழித்து எடுத்துவிடு. பசை பிசுபிசுவென்று நிற்கும். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி ஒரு மணி நேரம் ஊறவிட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த பழந்துணியால் துடைத்தால் தடம் தெரியாமல் போய்விடும்.