சுழலும் வாய் நின்றதற்குப் பெரிய பம்ப் மருந்தல்ல

கேள்வி: 300 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் (120 × 50 × 50 செ.மீ.) பவளம் வளர்க்கிறேன். சம்பிலிருந்து (தொட்டிக்குக் கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டி) பம்ப் மூலம் தண்ணீர் மேலே திரும்பும் குழாயின் முனையில், நீரோட்டத்திலேயே தானாகச் சுழலும் வாய் மாட்டியிருந்தேன். எட்டு மாதம் நன்றாக ஓடியது. நான் வெளியூர் போயிருந்தபோது ஒரே பக்கம் பார்த்தபடி நின்றுவிட்டது. எதிரே இருந்த ஹேமர் பவளத்தில் (சுத்தியல் வடிவ நுனிகள் கொண்ட பவளம்) ஒரு பக்கச் சதை உரிந்து எலும்பு தெரிகிறது. பவளத்துக்குக் கால்சியம் கிடைக்க, சம்பின் பம்ப் அறையில் தினமும் சுண்ணாம்புத் தெளிநீர் விடுகிறேன். அல்கலினிட்டி (நீரில் கரைந்திருக்கும் கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு) 12 டிகேஎச் (அதை அளக்கும் அலகு). "பெரிய பம்ப் போடுங்கள், அல்லது மோட்டார் வைத்த மாடலுக்கு மாறுங்கள்" என்கிறார் கடைக்காரர். எதை வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். பெரிய பம்ப் என்பது வெறும் விற்பனைப் பேச்சு. தண்ணீர் வேகம் போதாமல் வாய் நிற்கவில்லை. எட்டு மாதமும் அதே பம்பில்தானே சுழன்றது? அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. பம்பைப் பெரிதாக்கினால், அடுத்த முறை நிற்கும்போது பவளத்தின் மேல் இதைவிட வேகமாக அடிக்கும், அவ்வளவுதான்.

வாயைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஒரு சின்னச் சக்கரமும் அதை ஒட்டிப் பொடிப்பொடியாகக் கியர்களும் இருக்கும். பற்களின் இடுக்கில் வெள்ளையாகச் சொரசொரவென்று படிந்திருக்கும். நகத்தால் நெம்பினால் சில்லுச் சில்லாகப் பெயரும். அது கால்சியம் கார்பனேட். வெளிச்சம் படும் பக்கம் ஊதா நிறக் கோரலைன் பாசி, இருட்டான உட்பக்கம் குழாய்ப் புழுக்கள். அந்தச் சக்கரத்துக்கு இருக்கும் வலு அற்பம். தாள் கனத்துக்குப் படிவு ஏறினாலே நின்றுவிடும்.

அந்தப் படிவு எங்கிருந்து வந்தது என்றுதான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். சுண்ணாம்புத் தெளிநீரின் பிஎச் 12-க்கும் மேலே. அதைப் பம்ப் அறையில் விடுகிறீர்கள். தொட்டி நீரோடு கலந்து தணிவதற்குள் பம்ப் அதை இழுத்து இம்பெல்லர் (உள்ளே சுழன்று நீரைத் தள்ளும் சக்கரம்) வழியாக நேரே வாய்க்கு அனுப்புகிறது. கடலிலேயே அல்கலினிட்டி 7 டிகேஎச் அளவுதான்; நீங்கள் 12-ல் ஓட்டுகிறீர்கள். படியாமல் என்ன செய்யும்? இம்பெல்லரையும் கழற்றுங்கள், அங்கும் இதே கதைதான். இனிமேல் தெளிநீரைத் தொட்டியிலிருந்து தண்ணீர் வந்து விழும் முதல் அறையில், இரவில், சொட்டுச் சொட்டாக விடுங்கள். அல்கலினிட்டியை 8, 9-க்குக் கொண்டுவாருங்கள். ஒரே நாளில் இறக்கிவிடாதீர்கள். தெளிநீரின் அளவைக் குறைத்தால் பவளங்களே உறிஞ்சித் தானாக இறங்கும். மெக்னீசியத்தையும் சோதியுங்கள், 1300 பிபிஎம்-க்குக் கீழே போனால் படிவு இன்னும் சுலபமாக விழும்.

சுத்தம் செய்ய வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி, ஒரு இரவு ஊறல், பழைய பல்துலக்கி. ரப்பர் வளையத்துக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும் தடவுங்கள். வாசலின் வேண்டாம், ரப்பரை ஊதவைத்துவிடும். இன்னொரு வாய் கையிருப்பில் இருந்தால் மாதம் ஒருமுறை மாற்றி மாற்றி ஊறப்போடலாம்.

அடுத்து, நான் எல்லோரிடமும் சண்டை போடும் விஷயம். ரிட்டர்ன் பம்பின் வேலை தண்ணீரைச் சம்புக்கும் தொட்டிக்கும் இடையே சுற்றவைப்பது மட்டும்தான். மணிக்குத் தொட்டி அளவில் நாலைந்து மடங்கு, உங்களுக்கு 1200 முதல் 1500 லிட்டர், தாராளம். பவளத்துக்கு வேண்டிய அலையை அதன் தலையில் கட்டாதீர்கள். அதற்கு இரண்டு வேவ்மேக்கர்களை (தொட்டிக்குள்ளேயே வைத்து நீரோட்டம் உண்டாக்கும் சிறு பம்ப்கள்) எதிரெதிராக வைத்து மாறிமாறி ஓடவிடுங்கள். ஒன்று நின்றாலும் மற்றது ஓடும். எதையும் நேராகப் பவளத்தைப் பார்த்து வைக்க வேண்டியதில்லை. ஒரே பம்பில் எல்லாவற்றையும் முடிக்க நினைப்பவர்கள் பெட்டியில் போட்ட எண்ணை நம்பி வாங்குகிறார்கள். அந்த எண் தண்ணீரை ஒரு அடிகூடத் தூக்காமல் அளந்தது. ஒன்றரை மீட்டர் ஏற்றத்தில் நிறையக் குறையும். குழாய் வளைவுகள் கொஞ்சம் தின்னும், சுழலும் வாய் இன்னும் கொஞ்சம். அதை ஈடுகட்ட இன்னும் பெரிய பம்ப், அதனால் இன்னும் சூடு, வடிகாலில் இரைச்சல், தொட்டி முழுக்கக் குமிழி. கடைக்காரருக்கு மட்டும் லாபம்.

மோட்டார் மாடல் மோசமில்லை. நீரின் வேகத்தை நம்பி இல்லாததால் லேசான படிவை மீறிச் சுழலும். ஆனால் மோட்டார் உட்காருவது தொட்டி விளிம்பில், உப்புக் காற்றில். தண்டைச் சுற்றி உப்பு பூக்கும், சீல் தேயும். கசியும் சொட்டு தொட்டிக்கு வெளியே விழுந்தால் கண்ணில் படவே நாளாகும். உள்ளே கியர் பல் உடைந்தால் மோட்டார் உறுமிக்கொண்டே இருக்கும், வாய் அசையாது. சத்தத்தை நம்பாதீர்கள், வாயைப் பாருங்கள்.

நீங்கள் கேட்காத இன்னொன்று: கரண்ட் போனால்? உங்கள் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் நீர் 6 லிட்டர். வாய் 5 செ.மீ. மூழ்கியிருந்தால் 30 லிட்டர் அதே குழாய் வழியாகப் பின்னோக்கி இழுபட்டு (சைஃபன்) சம்புக்கு இறங்கும். அதற்கு இடம் இருக்கிறதா? பம்பை நிறுத்திவிட்டு நின்று பாருங்கள். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சிறு துளை போடுங்கள், காற்று புகுந்து அந்த இழுப்பு நின்றுவிடும். துளை அடைக்காமல் வாரம் ஒருமுறை ஊசியால் குத்திவிடுங்கள். செக் வால்வை (நீரை ஒரே திசையில் மட்டும் விடும் அடைப்பான்) மட்டும் நம்பாதீர்கள், கியரை நிறுத்திய அதே படிவு அதையும் மூடவிடாது.

ஹேமரை ஓட்டம் மிதமான இடத்துக்கு ஒரே ஒருமுறை மாற்றிவிட்டுக் கை வைக்காமல் விடுங்கள். மீதிச் சதை உப்பி விரிந்தால் பிழைத்துக்கொள்ளும். பழுப்பாகக் கூழ் போலக் கண்டால் பவளத்தின் அந்தத் தலையை (கிளை நுனியை) அன்றே வெட்டி எடுத்துவிடுங்கள்.