அழுததால் வந்ததல்ல அம்மாவின் புற்றுநோய்

தூத்தூரிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார்: "2017இல் ஓகி புயலில் அப்பாவைக் கடல் கொண்டுபோனது. அன்றிலிருந்து அம்மா அழாத நாளில்லை. போன வருடம் அம்மாவுக்கு (வயது 46) மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன், கீமோ முடிந்து, நோய் திரும்பாமல் இருக்கத் தமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுகிறார். கவலையை மனதில் பூட்டி வைத்ததால்தான் நோய் வந்தது என்கிறார் சித்தி. இனியும் அழுதால் திரும்ப வந்துவிடுமா? மன அழுத்தத்தை முறிக்கும் என்று ஒருவர் முள்சீத்தா இலைப்பொடி கொடுத்திருக்கிறார். கொடுக்கலாமா?"

அம்மா அழட்டும் மகளே. தடுக்காதீர்கள். பொடியைக் கொடுக்காதீர்கள்.

துக்கம் உடலைத் தொடாது என்று சொல்ல மாட்டேன். கவலை நீடித்தால் அட்ரினலின், நார்அட்ரினலின், கார்டிசால் ஆகிய நெருக்கடி ஹார்மோன்கள் இரத்தத்தில் கூடுகின்றன. உடலில் புற்றுநோய்க் கட்டி பொருத்திய சுண்டெலிகளை நெருக்கடியில் வைத்துச் செய்த ஆய்வுகளில், நார்அட்ரினலின் தூண்டியதால் கட்டி வேகமாகப் பரவியது. புதிய இரத்தக் குழாய்கள் முளைத்தன. ஆனால் அது ஏற்கெனவே இருந்த கட்டி. கவலை அதைப் புதிதாக உண்டாக்கவில்லை. மனிதர்களில், ஐரோப்பாவில் சுமார் 1,16,000 பேரின் தகவல்களைச் சேர்த்து 2013இல் வெளியான ஆய்வில், வேலை அழுத்தத்துக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை. சித்தியிடம் இதைச் சொல்லுங்கள். கணவனை இழந்தவள் மேல் நோயின் பழியையும் ஏற்றுவது கொடுமை.

பொடி கொடுத்தவரிடம்தான் எனக்குக் கோபம். "கவலைதான் காரணம்" என்பார்கள், கவலைக்குப் பொட்டலம் கொடுப்பார்கள், அடுத்த மாதம் "இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திப் பாருங்கள்" என்பார்கள். நம் கடற்கரைக் கிராமங்களில் இந்த வரிசை மாறுவதே இல்லை. மருத்துவமனை வாசலில் நின்று ஆள் பிடிப்பவர்களும் உண்டு. முள்சீத்தா புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பதற்கு மனிதர்களில் ஆதாரம் கிடையாது. கரீபியன் கடலிலுள்ள குவாதலூப் தீவில் அதன் பழத்தையும் இலைத் தேநீரையும் மிகுதியாகச் சாப்பிட்டவர்களிடம் பார்க்கின்சனைப் போன்ற நரம்பு நோய் காணப்பட்டது. இயற்கையானது என்பதால் நம்பிவிட வேண்டாம்.

அம்மாவின் துக்கத்தால் வரும் நிஜமான ஆபத்து வேறு. தூக்கமில்லாமல், சாப்பிடப் பிடிக்காமல், "எதற்கு மருந்து" என்று மாத்திரையைத் தவறவிடுவது. இப்படி இரண்டு வாரம் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற இலவச எண்ணிலும் பேசலாம்.

அங்கே ஒரு விஷயத்தைக் கட்டாயம் சொல்லுங்கள்: "தமாக்சிஃபென் சாப்பிடுகிறார்." தமாக்சிஃபெனைக் கல்லீரல் மாற்றியமைத்த பிறகுதான் அது முழு வீச்சில் வேலை செய்யும். மனச்சோர்வுக்குத் தரும் பராக்ஸிட்டின், ஃபுளுவாக்ஸிட்டின் இரண்டும் அந்த மாற்றத்தைத் தடுக்கின்றன. வென்லாஃபாக்ஸின் போன்ற மாற்று மருந்துகள் இருப்பதால் மனச்சோர்வு மாத்திரையே வேண்டாம் என்று பயப்படத் தேவையில்லை. ஏற்கெனவே இந்த இரண்டில் ஒன்றைச் சாப்பிட்டு வந்தால் நீங்களாக நிறுத்தாமல், மருத்துவரிடம் மாற்றித் தரக் கேளுங்கள். மருந்துக் கடையில் "தூக்கத்துக்கு ஏதாவது" என்று கேட்டு வாங்காதீர்கள். எந்த மாத்திரை கைக்கு வரும் என்று சொல்ல முடியாது.

இதைப் புற்றுநோய் மருத்துவரே கேட்டு எழுத வேண்டும். ஆனால் அவருக்கு ஒரு நோயாளிக்குச் சில நிமிடம்தான். மனநல மருத்துவர் வேறு கட்டிடம், வேறு சீட்டு, வேறு வரிசை. ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரிவதில்லை. புற்றுநோய்ப் பிரிவிலேயே ஒரு மனநல ஆலோசகரை உட்கார வைக்க எத்தனை வருடம் கேட்பது? அதுவரை அந்த வேலை உங்கள் தலையில்தான். எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டு இரண்டு இடத்துக்கும் கொண்டுபோங்கள், அந்தப் பொட்டலத்தையும் சேர்த்து.