விஆர் கேம்: முதலில் உங்கள் கால் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

வீட்டில் விஆர் ஹெட்செட் (கண்ணை மூடி மாட்டிக்கொண்டால் மெய்நிகர் உலகத்தைக் காட்டும் கருவி) வைத்து கேம் விளையாடுவதில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா, இல்லை பத்து நாளில் பரணுக்குப் போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் விளையாடிப் பாருங்கள். ஆனால் முதல் கேம் எது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள், வேறு யாரோ மாட்டிவிடுவதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். நான் ஏற்றுக்கொண்டதில் மூன்று வருடம் வீணாகப் போனது.

2019 சீசனில் ஊட்டியில் சுற்றுலாக்காரர்களுக்காக நடத்தும் ஒரு விளையாட்டுக் கூடத்தில் நாற்காலியில் உட்கார வைத்து, ஹெட்செட்டை மாட்டி, ரோலர் கோஸ்டரைப் போட்டுவிட்டார்கள். இரண்டாவது சரிவிலேயே நெற்றி வியர்த்து வாயில் எச்சில் ஊற ஆரம்பித்துவிட்டது. கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன், குன்னூரில் வீடு வந்து சேரும் வரை தலை சுற்றல் நிற்கவில்லை. விஆர் என்றால் இதுதான், நம் உடம்புக்கு ஆகாது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

ஏன் அப்படி ஆனது என்பதை மலையில் இருப்பவர்களுக்குச் சொல்வது சுலபம். மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் ஏறி வரும்போது, பர்லியார் தாண்டுவதற்குள் ஃபோனையே பார்த்துக்கொண்டு வருபவர்தான் முதலில் ஜன்னல் ஓரம் கேட்பார். உள்காது ஒவ்வொரு வளைவையும் உணர்கிறது, கண்ணோ அசையாத எழுத்தைப் பார்க்கிறது, இரண்டும் ஒத்துப்போகாமல் குமட்டுகிறது. விஆர் ரோலர் கோஸ்டரில் இதே சண்டை தலைகீழாக நடக்கிறது: கண் பாய்ந்து போகிறது, உடம்பு நாற்காலியிலேயே இருக்கிறது. கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி ஓட்டிப் போகிற எனக்கு ஒன்றும் ஆவதில்லை, அந்த நாற்காலி ஐந்து நிமிடத்தில் சாய்த்துவிட்டது. இஞ்சி மொரப்பா வாயில் போட்டாலும் ஓரளவுக்குத்தான் தாங்கும்.

2022 தீபாவளிக்கு அக்கா மகன் சிங்கப்பூரிலிருந்து வரும்போது மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 2 ஹெட்செட்டைக் கொண்டு வந்தான். நான் வேண்டாம் என்றேன். "மாமா, இதில் நீங்கள் எங்கேயும் போக வேண்டாம், நின்ற இடத்தில் நில்லுங்கள், கையை மட்டும் வீசுங்கள்" என்று சொல்லி டேபிள் டென்னிஸ் போட்டுக் கொடுத்தான். லெவன் டேபிள் டென்னிஸ் என்று அதன் பெயர். பள்ளியில் இரண்டு வருடம் ஆடியவன் நான், அதனால் முதல் பந்து வந்து பட்டதும் கன்ட்ரோலர் கையில் லேசாக அதிர்ந்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. மட்டையைச் சாய்த்து அறுத்தால் பந்து அந்தப் பக்கம் திரும்புகிறது, வேகம் கொடுத்தால் நீளமாகப் போய் வெளியே விழுகிறது. முக்கால் மணி நேரம் ஆடினேன். தலை சுற்றல் துளிகூட இல்லை, ஸ்வெட்டரைத்தான் கழற்ற வேண்டியிருந்தது.

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்டது ஒன்றுதான். கேமுக்குள் நீங்கள் நகர்ந்தால் வெளியிலும் உங்கள் கால் நகர்ந்திருக்க வேண்டும், வெளியில் நின்றால் உள்ளேயும் நிற்க வேண்டும். டேபிள் டென்னிஸ், குத்துச்சண்டை, அப்புறம் பாட்டுக்கு ஏற்றபடி வரும் கட்டைகளை ஒளிவாளால் வெட்டும் பீட் சேபர் எல்லாம் இந்த வகை. பீட் சேபரை 2018-ல் செக் நாட்டில் ஒரு சிறு குழு செய்தது, அடுத்த வருடமே ஃபேஸ்புக் (இன்றைய மெட்டா) அந்த நிறுவனத்தையே வாங்கிவிட்டது. கன்ட்ரோலரில் உள்ள சின்னக் குச்சியைத் தள்ளி நடக்கும், ஓடும், பறக்கும் கேம்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சிலவற்றில் நடப்பதற்குப் பதிலாக ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் சட்டென்று தாவும் வசதி இருக்கும், அது அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. 2020-ல் வந்த ஹாஃப்-லைஃப்: அலிக்ஸிலும் அப்படி வைத்திருக்கிறார்கள், ஆனால் அதற்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு போட்ட கணினி வேண்டும்.

எங்கள் ஊருக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அக்டோபர், நவம்பரில் மாலை ஐந்து மணிக்கே மேகம் வாசலில் நிற்கும், வேலை முடிந்து வந்தால் வெளியே நடக்கக்கூட வழியில்லை. அந்த இரண்டு மாதம் வாரத்தில் மூன்று நாள் சென்னையில் இருக்கும் தம்பியோடு ஆடுகிறேன், அவனும் ஒன்று வாங்கிவிட்டான். பந்து பொறுக்க வேண்டாம் என்பதால் இடையில் பேசிக்கொண்டே இருக்கிறோம், ஃபோனில் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசாத ஆள் அவன். இது ஒன்றுக்காகவே கொடுத்த காசு தகும் என்பேன். காற்றுக்கு மரம் விழுந்து ஃபைபர் கேபிள் அறுந்தால் மட்டும் ஆட்டம் கிடையாது.

இடம் முக்கியம். இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் காலியாக வேண்டும். பழைய வீடுகளில் கூரை தாழ்வு, கை ஓங்கினால் பல்பு உடையும், அதையும் அண்ணாந்து பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு சின்ன மிதியடியைப் போட்டு அதன்மேல் நில்லுங்கள், விலகினால் கால் சொல்லிவிடும். இன்னொன்று, டேபிள் டென்னிஸ் ஆடும்போது இல்லாத மேசையில் கை ஊன்றப் போவீர்கள். எங்கள் சித்தப்பா அப்படிச் சாய்ந்தார், நான் பக்கத்தில் நின்றதால் பிடித்துவிட்டேன். வயதானவர்கள் ஆடும்போது ஒருவர் கூடவே நிற்கட்டும்.

குளிர் ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒரு தொல்லை. சில்லென்று இருக்கும் லென்ஸில் முகச்சூட்டுக்கு ஆவி படிந்துவிடும், அதனால் ஆடுவதற்குக் கால் மணி நேரம் முன்னால் ஹெட்செட்டை நீங்கள் போர்த்திய கம்பளிக்குள் உடம்போடு ஒட்டி வைத்து எடுங்கள். வெயில் அதைவிட ஆபத்து. போன வருடம் எட்டு நாள் மழைக்குப் பிறகு வெயில் வந்ததும் அம்மா தலையணை, போர்வையோடு ஹெட்செட்டையும் ஜன்னல் திண்டில் காய வைத்துவிட்டார், லென்ஸ் மேலே பார்த்தபடி. பூதக்கண்ணாடியால் காகிதத்தைக் கருக்குவது போலத்தான், உள்ளே திரையில் மஞ்சளாக ஒரு பொட்டு விழுந்துவிட்டது, இன்றும் போகவில்லை. அம்மாவைக் குறை சொல்ல முடியாது, வீட்டில் எல்லோருக்கும் முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டும். இப்போது சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி போட்ட டப்பாவில் இருக்கிறது.

வாங்குவதானால், 2024 அக்டோபரில் வந்த குவெஸ்ட் 3எஸ் 300 டாலர் அளவில் வெளியானது, டேபிள் டென்னிஸுக்கும் பீட் சேபருக்கும் அது போதும். 2023-ன் குவெஸ்ட் 3 அப்போது 500 டாலர், லென்ஸ் இன்னும் தெளிவு, எழுத்தும் படமும் நிறையப் பார்ப்பவர்கள் அதற்குப் போகலாம். வெளிநாட்டிலிருந்து வாங்கி வரச் சொல்வதானால் உத்தரவாதம் இங்கே செல்லுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பேட்டரி சுமார் இரண்டு மணி நேரம் வரும், அதற்கு மேல் ஆடவும் கூடாது. கண்ணாடி போடுபவர்கள், முகத்துக்கும் லென்ஸுக்கும் நடுவே இடைவெளி தரும் ஸ்பேசர் ஹெட்செட்டோடு வந்தால் அதை மாட்டாமல் அணிய வேண்டாம், மூக்குக்கண்ணாடியிலும் ஹெட்செட் லென்ஸிலும் கீறல் விழக்கூடும். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று மெட்டாவே சொல்கிறது, எத்தனை அழுதாலும் கொடுக்காதீர்கள்.

வாங்குவதற்கு முன் தெரிந்தவர் வீட்டில் ஒரு மாலை கேட்டு வாங்கி ஆடிப் பாருங்கள். முதல் நாள் பத்து நிமிடம் போதும். நெற்றி வியர்த்தாலோ எச்சில் ஊறினாலோ அந்த நொடியே கழற்றிவிடுங்கள், பழகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால் இரவு வரைக்கும் இழுக்கும். மறுநாள் திரும்பப் போடுங்கள், அப்போதும் நின்ற இடத்தில் ஆடும் கேமாகவே இருக்கட்டும்.